வேரோடு எடுத்தால்தான் அகற்றல்

சோற்றைப் பிசைந்துகொண்டே மகள் அதைச் சொன்னாள்.

"அப்பா, இந்த வருஷம் எங்க காலேஜ் கேம்ப் நம்ம ஊர்லதான். குளத்துல மண்டிக் கிடக்குற கருவமுள்ளை எல்லாம் எடுக்கப் போறோம். நான்தான் லீடர்."

"அட, லீடரம்மாவுக்கு இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊத்தட்டுமா?" என்றாள் என் மனைவி.

"எந்தக் குளம்?" என்று கேட்டேன்.

"நம்ம ஊர்ல எத்தனை குளம் இருக்கு? பெரியப்பா வீட்டுக்குப் பின்னாடி இருக்குறதுதான்."

சீமைக்கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த வருடம் அது. டீக்கடையில் பேசினார்கள், தொலைக்காட்சியில் பேசினார்கள், பட்டுக்கோட்டையில் நான் கணக்குப் பாடம் நடத்தும் பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்திலும் பேசினார்கள். நிலத்தடி நீரை அது உறிஞ்சிவிடுகிறது என்றார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஊர் ஊராகப் போயிற்று. மாணவர்கள் அரிவாளும் கோடாலியுமாகக் கிளம்பினார்கள். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. வேறு எந்த ஊராக இருந்தாலும் நானே என் மகளுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

எங்கள் ஊர்க் குளத்தை ஒட்டி ஒரு வேலி நிலம் இருக்கிறது. வேலி என்றால் எங்கள் பக்கத்துக் கணக்கில் ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. அதை என் தாத்தா பெரிய வீட்டாரிடம் பண்ணையாளாக இருந்து உழுதார். அப்பா குத்தகைக்கு உழுதார். உழுகிறவன் பெயரைக் குத்தகைதாரராகப் பதிய வேண்டும் என்று சட்டம் வந்தபோது எங்கள் தெருவில் சிலர் போய்க் கேட்டார்கள். அதற்குள் நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து பெரிய வீட்டார் அந்த நிலத்தைத் துண்டு துண்டாக்கி உறவுக்காரர்கள் பெயரில் எழுதி வைத்துவிட்டார்கள். அந்த உறவுக்காரர்களில் பாதிப் பேரை ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வழக்கு நடந்தது. ஆட்சி மாறியது, திரும்பவும் மாறியது. சுவரில் சின்னத்தின் மேல் சின்னம் எழுதினார்கள். வழக்கு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. முடிவு தெரியும்வரை நிலம் இருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும், இரண்டு தரப்பும் உள்ளே இறங்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. மனிதர்கள் இறங்கவில்லை. கருவேலம் இறங்கியது.

வந்த வேகத்தில் அது வாய்க்காலைக் கடந்தது, குளத்தை நிரப்பியது, நிலத்தை மூடியது. குளம் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாதபடி ஒரே பச்சையாக நின்றது. நிலத்துப் பக்கம் நின்ற ஒரு ஒற்றைப் பனையின் தலை மட்டும் தெரியும். உள்ளே பன்றியும் கீரியும் குடியிருந்தன. அந்த முள்ளைப் பார்த்து நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. நடுவில் அது நின்றவரைக்கும் அண்ணனும் பெரிய வீட்டாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு நிலம் யார் கையில் இருக்கிறது என்பது பத்திரத்தில் தெரிவதற்கு முன்பே வரப்பில் தெரிந்துவிடும். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன்னால், வரப்பின் இரண்டு பக்கமும் முளைத்த புல்லை மண்வெட்டியால் சீவி எடுப்பார்கள். அதை அண்டை வெட்டுவது என்போம். அண்டை வெட்டியவன்தான் அந்த வருடம் அங்கே சாகுபடி பண்ணப்போகிறவன். யாரும் போய் அறிவிக்க வேண்டியதில்லை. சீவின வரப்பைப் பார்த்ததும் ஊருக்குத் தெரிந்துவிடும்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம், இனிமேல் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று பெரிய வீட்டார் சொல்லியனுப்பிய மறுநாள், அப்பா போய் அண்டை வெட்டினார். கஞ்சித் தூக்கோடு நான் வாய்க்கால் கரையில் நின்றிருந்தேன். பெரிய வீட்டாரின் தென்னந்தோப்புப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். பேச்சு ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அவர் நெல்லைத் தொடவில்லை, அறுப்பு அறுக்கவில்லை. புல்லைத்தான் வெட்டினார். அதற்குப் பிறகு இருந்த காலம் முழுவதும் மூன்று விரலால்தான் சாப்பிட்டார்.

இதை எல்லாம் மகளிடம் முழுதாகச் சொன்னதில்லை. தாத்தாவுக்கு அறுவடை மெஷினில் அடிபட்டது என்று அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது என் மனைவி சொல்லி வைத்திருந்தாள். அதையே நானும் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு அவளிடம், "வேற ஊர் பாருங்களேன்மா. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஆத்தங்கரையில போட்டா குளிக்கவாவது தண்ணி இருக்கும்" என்றேன்.

"அங்க ஏதுப்பா முள்ளு? முள்ளு இருக்குற எடத்துலதானே வெட்ட முடியும்?"

"கேஸ் இருக்குற இடம்."

"கேஸ் நெலத்துக்கு. நாங்க குளத்துக்குப் போறோம். முள்ளு வெட்டுறதுக்குப் போயி எதுக்குப்பா இவ்வளவு பயம்?"

மறுநாள் பள்ளி விட்டதும் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கப் போனேன்.

திருவிடைமருதூர்ப் பக்கமிருந்து மாற்றலாகி வந்த இளைஞர் அவர். அலுவலக வாசலிலேயே அந்த அறிவிப்பு ஒட்டியிருந்தது. சீமைக்கருவேல மரங்களை அந்தந்த நில உரிமையாளர்களே அகற்ற வேண்டும், தவறினால் ஊராட்சி அகற்றிவிட்டுச் செலவை அவர்களிடமே வசூலிக்கும் என்று போட்டிருந்தது. நில உரிமையாளர் என்ற வார்த்தையை யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள். எங்கள் தெருக்காரனா, பெரிய வீட்டு ஆளா என்று தெரியவில்லை. இரண்டு பேருக்குமே சுரண்டக் காரணம் இருந்தது.

"தம்பி, அகற்றல்னா என்னங்க?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "என்ன சார், எனக்கே பரீட்சை வைக்கிறீங்க?"

"கேஸ் இருக்குற நிலத்துல யாராவது முள்ளு வெட்டினா, உள்ள இறங்குனதா ஆகுமா?"

சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்து வந்து எனக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "அந்த ஒரு வேலியா? சார், நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாதீங்க. மேலாக வெட்டிட்டுப் போனா அது விறகு. ரெண்டு மழை பெஞ்சா திரும்பத் தழைச்சிடும். நிலம் இருந்தபடியேதான் இருக்குன்னு நான் எழுதிடுவேன். வேரோட பிடுங்கி, குழியை மூடிச் சமம் பண்ணினாத்தான் அகற்றல். அப்படிப் பண்ணிட்டா அது திருத்தின நிலம். திருத்தினது யாருன்னு கேள்வி வரும்."

"வந்தா?"

"நான் மெடிக்கல் லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிடுவேன்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

"குளத்துல?"

"குளம் அரசாங்கப் புறம்போக்கு. தாராளமா வேரோட எடுக்கலாம். ஊராட்சியிலேர்ந்து ஜே.சி.பி.யே வருது. பசங்க கிளையை வெட்டிக் கொடுத்தா, மிஷின் வேரை எடுத்துடும்."

"குளம் எதுவரைக்கும்?"

"எல்லைக்கல் இருக்கு சார்."

"எங்க?"

அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். "முள்ளுக்குள்ளதான்" என்றார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் அவர் சொன்னதைச் சொன்னேன். கல் கண்ணில் படும்வரைக்கும்தான் போக வேண்டும், தெரியாத்தனமாகத் தாண்டிவிட்டாலும் வேரில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சத்தியம் கேட்டேன். பல் விளக்கிக்கொண்டே அவள் தலையை ஆட்டினாள். பிறகு வாயைக் கொப்புளித்துவிட்டு, "கல்லு தெரியலைன்னா பெரியப்பாவைக் கேட்டுக்குறேன்பா" என்றாள்.

என் பயத்துக்கு அந்த இடத்தில்தான் சரியான உருவம் கிடைத்தது என்று இப்போது தோன்றுகிறது. அண்ணன் கெட்டவரில்லை. நான் படிக்கப் போனபோது அவர் படிப்பை விட்டுவிட்டு அப்பாவின் வேலைகளை எடுத்துக்கொண்டார். ஒரு வாய்தாவையும் தவறவிடாமல் பட்டுக்கோட்டைக்கும் தஞ்சாவூருக்கும் பஸ் ஏறியவர் அவர்தான். அந்த வழக்குதான் அவருடைய வாழ்க்கை. அப்படிப்பட்டவரிடம் போய்க் குளம் எதுவரைக்கும் என்று கேட்டால் அவர் கை எங்கே நீளும் என்று எனக்குத் தெரியும்.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு இருந்தது. கரும்பலகையில் வட்டம் வரைந்துகொண்டிருந்தேன். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. என் மனைவி. பிள்ளைகளுக்குப் புளிசோறு கட்டிக்கொண்டு அவளும் ஊருக்குப் போயிருந்தாள்.

"என்னங்க, கொஞ்சம் கெளம்பி வாங்க."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. மிஷின் பனைமரத்துக்கிட்ட போயிடுச்சு. தோப்புலேர்ந்து பெரிய வீட்டு ஆளுங்க வந்துக்கிட்டிருக்காங்க. நம்ம பொண்ணு மிஷின் மேல நிக்கிது." பின்னால் எஞ்சின் சத்தம் கேட்டது.

பாதி வரைந்த வட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். பைக்கை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. வழி நெடுக இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. ஒவ்வொரு தோப்பைக் கடக்கும்போதும் அங்கே மரமேறுகிறவர்களின் இடுப்பில் இருக்கும் பாளை அரிவாள்தான் ஞாபகத்துக்கு வந்தது. அகலம் குறைந்த, முனை வளைந்த அரிவாள். அதைத் தீட்டுவதற்கென்றே கட்டையும் மணலும் வைத்திருப்பார்கள். அப்பாவின் கையில் பட்டது அதுதான்.

மதகுக்குப் பக்கத்தில் பைக்கைப் போட்டேன். ஸ்டாண்டு போட்டேனா என்று தெரியாது. பிறகு பார்க்கும்போது அது சாய்ந்து கிடந்தது. குளம் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த இடம் உண்மையாகவே குளமாகியிருந்தது. வெடித்த தரையும் பறித்த குழிகளுமாகத் திறந்து கிடந்தது. பச்சை முள்ளின் வாடையும் டீசல் வாடையும் அடித்தன. மாணவர்கள் முகத்தில் கைக்குட்டை கட்டியபடி, வேலையை நிறுத்திவிட்டு அங்கங்கே நின்றார்கள். அவர்களுடன் வந்த பேராசிரியர் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். எதிர்க்கரையில் முள்சுவரைப் பிளந்துகொண்டு ஒரு பாதை உள்ளே போயிருந்தது. அதன் முடிவில் பனை, அடியிலிருந்து நுனிவரை முழுதாகத் தெரிந்தது. அதன் அடிமரத்தை நான் பையனாக இருந்தபோது பார்த்தது.

பாதையில் வெட்டிய கருவேலத்தின் அடிக்கட்டைகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. பனைக்கு முன்னால் ஜே.சி.பி. உறுமிக்கொண்டிருந்தது. அதன் ஏறுபடியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு என் மகள் நின்றாள். எல்லைக்கல்லை நான் தாண்டித்தான் வந்திருந்தேன். வெள்ளையடித்த தலையோடு, பாதையின் தொடக்கத்திலேயே அது கிடந்தது.

அண்ணன் அதற்கும் உள்ளே தள்ளி நின்றார். முள்ளை வெட்டியதும் அதற்கு அடியில் பழைய வரப்பு கலையாமல் இருந்தது தெரிந்திருக்கிறது. அதன்மேல் ஏறி நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரப்பின் பக்கவாட்டில் மண்வெட்டியை ஒரே ஒரு போடு போட்டிருந்தார். காய்ந்த மேல்மண் பெயர்ந்து உள்ளே கறுப்பு மண் தெரிந்தது. அண்டை வெட்டத் தொடங்கியிருந்தார்.

அந்தப் பக்கம் பெரிய வீட்டுக்காரர் நின்றார். என் வயதுதான் அவருக்கு. ஒரே பள்ளியில் படித்தோம். அவருக்குப் பின்னால் தோப்பு ஆட்கள். எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. இடுப்புகளைத்தான் பார்த்தேன்.

"வாங்க வாத்தியாரே" என்றார். "நல்லாத்தான் பாடம் சொல்லிக் குடுத்திருக்கீங்க. அப்பன் புல்லு வெட்டுனான். மவன் கேசு போட்டான். பேத்தி மிஷினையே கொண்டாந்துட்டா."

"ஏன், ஒங்க வூட்டுப் புள்ளைவதான் மிஷின்ல ஏறணுமா?" என்றார் அண்ணன்.

"சார், பஞ்சாயத்து அனுமதியோடதான் வேலை நடக்குது. லெட்டர் இருக்கு" என்றாள் என் மகள்.

"லெட்டரு குளத்துக்கும்மா. நீ நிக்கிறது குளமா?"

அவர் பின்னால் நின்ற ஆட்களில் ஒருவர், கொஞ்சம் வயதானவர், மிகவும் மெதுவாகச் சொன்னார்: "பாப்பா, கீழ எறங்கிடு. மிஷின்ல கையி கிய்யி மாட்டிக்கிடப் போவுது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தன் வீட்டுப் பிள்ளையிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். அந்தக் குரலை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வகுப்பில் பாடம் நடத்தும்போது, கடையில் சில்லறைக்கு நிற்கும்போது திடீரென்று காதுக்குள் வரும்.

ஜே.சி.பி. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "நான் வெளியூருங்க. காட்டுற எடத்துல தோண்டுவேன், வேணாம்னா போயிக்கிட்டே இருப்பேன். தோண்டவா, வேணாமா, ஒண்ணு சொல்லுங்க."

"தோண்டுங்கண்ணே" என்று மகள் கையை நீட்டினாள். வரப்பை ஒட்டி நின்ற அடிக்கட்டையைக் காட்டினாள்.

இயந்திரத்தின் கை உயர்ந்தது. தோப்பு ஆட்களில் இரண்டு பேர் நகர்ந்தார்கள். அண்ணன் மண்வெட்டியை மறுபடி ஓங்கினார். நான் திட்டம் எதுவும் போட்டு வரவில்லை. அந்த வேர் மட்டும் வெளியே வரக்கூடாது என்பது ஒன்றுதான் தலைக்குள் இருந்தது. வேர் வந்தால் அது அகற்றல். அகற்றினால் நிலம் யாருடையது என்ற கேள்வி. கேள்விக்குப் பதில் அந்த இடுப்புகளில் இருந்தது. என் மகள் அதற்கு நேர் எதிரே நின்றாள்.

போய் அந்தக் கட்டையின் மேல் உட்கார்ந்தேன்.

சுற்றிலும் கிடந்த முள் காலிலும் தொடையிலும் ஏறியது. தலைக்கு மேலே இரும்புப் பற்கள் நின்றன. அவற்றிலிருந்து மண் உதிர்ந்து என் கண்ணாடியில் விழுந்தது. "யோவ்! சார்! ஒனக்குப் பைத்தியமா?" என்று கத்திக்கொண்டே ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். அதற்குப் பிறகு வந்த அமைதியில் நான் பேசுவது எனக்கே கேட்டது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். "வேரை எடுக்கல. யாரும் வேரை எடுக்கல. வெட்டுனது விறகுதான். பாருங்க, வேர் இருக்கு."

"எந்திரிடா" என்றார் அண்ணன்.

"வேணாம்ணே."

"அப்பா வெட்டுன வரப்புடா இது."

"தெரியும்ணே."

"தெரிஞ்சா எந்திரி."

நான் எழுந்திருக்கவில்லை. மகள் படியிலிருந்து இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். "எல்லாரும் பாக்குறாங்கப்பா" என்றாள். அவள் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை. அவள் விடுவித்துக்கொள்ளப் பார்த்தாள். இன்னும் இறுக்கினேன்.

கிராம நிர்வாக அலுவலர் வந்து சேரும்வரை அப்படியே இருந்தோம். பேராசிரியர் கத்தியது அவரிடம்தான் போலிருக்கிறது. பாதையை ஒருமுறை நடந்து பார்த்தார். ஒவ்வொரு அடிக்கட்டையையும் செருப்புக் காலால் அசைத்துப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. என்னிடம் வந்ததும், "கொஞ்சம் தள்ளுங்க சார்" என்று நான் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தார்.

"வெட்டுதான். அகற்றல் இல்லை" என்றார் பொதுவாக. "குளம்னு நெனச்சு பசங்க தெரியாம வந்துட்டாங்க. வேர் அப்படியே இருக்கு. நிலம் இருந்தபடி இருக்கு."

"இது?" என்று பெரிய வீட்டுக்காரர் வரப்பைக் காட்டினார். "மண்வெட்டி பட்டிருக்கே. இது என்னா?"

எல்லாரும் அந்தக் கறுப்பு மண்ணைப் பார்த்தோம். அலுவலர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் வியர்த்திருந்தது.

"பன்னி கிளறுனது" என்றார்.

பெரிய வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். "ஆமாமா. பன்னிதான்" என்றார். "இந்தப் பக்கம் பன்னி ஜாஸ்தி." தோப்பு ஆட்களில் ஓரிருவர் சிரித்தார்கள். பாப்பா என்று சொன்னவர் மட்டும் சிரிக்கவில்லை.

ஆமாம் பன்றிதான் என்று அண்ணனும் ஒப்புக்கொண்டால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். இல்லை, நான்தான் வெட்டினேன் என்று சொன்னால் போக முடியாது. அவர் கையில் மண்வெட்டி இருந்தது. அதன் வாயில் அந்த மண் ஒட்டியிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார், என் பிடியில் இருந்த பெண்ணைப் பார்த்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வரப்பிலிருந்து இறங்கிக் குளத்தின் வழியாக வீட்டுக்கு நடந்தார்.

வெட்டிய கிளைகளை இழுத்து வந்து அந்தப் பாதையை அடைக்கச் சொன்னார் அலுவலர். மாணவர்கள் இழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். உள்ளே போக வழியில்லை என்று சொல்ல எங்கள் ஊரில் முள்ளைத்தான் குறுக்கே போடுவார்கள். பனையின் அடிமரம் மறுபடி மறைந்தது. என் மனைவி புளிசோற்றுப் பாத்திரத்தைத் திறக்காமலே ஆட்டோவில் ஏற்றினாள்.

பைக்கில் மகள் பின்னால் உட்கார்ந்து வந்தாள். தோப்புகள் முடிந்தன. பிறகு அவள் சொன்னாள்: "பெரியப்பா பனைமரம் வரைக்கும்னு கை காட்டுனப்பவே எனக்குத் தெரியும்பா, அது குளம் இல்லைன்னு. கல்லையும் பாத்தேன்."

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது.

"தாத்தா எனக்குத் தலை வாரி விடுவாங்கல்ல" என்றாள். "மெஷின்ல மாட்டுன கை அப்படி இருக்காதுப்பா. ஒரே கோடா இருந்துச்சு. சின்ன வயசுலயே பெரியப்பாகிட்ட கேட்டுட்டேன்."

இத்தனை வருடமாக அவளுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் நான் தைரியமாக இருந்தேன். தெரியாத பிள்ளையைத் தடுத்துவிடலாம். எல்லாம் தெரிந்துகொண்டு படியில் ஏறி நின்று கையைக் காட்டியவளை நான் எதைச் சொல்லித் தடுப்பது?

அண்ணன் என்னோடு பேசுவதில்லை. தீபாவளிக்கு என் மனைவி கொடுத்தனுப்பிய பலகாரத்தை வாங்கிக்கொண்டார். என்னைப் பற்றி விசாரிக்கவில்லை. ஆனால் வாய்தா நாட்களில் அவரோடு பஸ் ஏறுவது என் மகள்தான். நான் போகாதே என்று சொன்னதில்லை. பள்ளியில் இடைவேளைக்கு மணி அடித்ததும் போன் செய்து எங்கே இருக்கிறாள் என்று கேட்பேன். கோர்ட்டுல என்பாள். பின்னணியில் வக்கீல்களின் சத்தமும் வடைக்காரரின் குரலும் கேட்கிறதா என்று காது கொடுத்துப் பார்ப்பேன். கேட்டால் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடுவேன்.

அந்த வருடம் ஐப்பசியில் நல்ல மழை. அலுவலர் சொன்னதுபோலவே அடிக்கட்டைகள் எல்லாம் தழைத்து, ஒன்றுக்கு நாலாகக் கிளைத்து, முன்பைவிட அடர்த்தியாகிவிட்டதாகச் சொன்னார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. போய்ப் பார்க்கவில்லை.

மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, பெரியப்பா வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் வந்த மகள் குளிக்கப் போயிருந்தாள். வாசலில் அவள் செருப்பு கிடந்தது. இரண்டு அடிப்பாகத்திலும் கறுப்பு மண் அப்பியிருந்தது. பட்டுக்கோட்டையில் எங்கள் தெரு செம்மண். பஸ் நிறுத்தத்திலிருந்து அண்ணன் வீடுவரை சிமெண்டுச் சாலை. அந்த மண் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஈரம் ஊறிய பிறகு புதிதாக முளைத்த இளங்கருவேலத்தை மிஷின் இல்லாமல் கையாலேயே வேரோடு பிடுங்கலாம் என்பதும் தெரியும். ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் யாருக்கும் சத்தம்கூடக் கேட்காது.

செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். குதிகால் பக்கத்தில் ஒரு முள் ஏறி, ஒடிந்து உள்ளேயே இருந்தது. இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் காலில் இறங்கியிருக்கும். பைக்கின் டூல்ஸ் பையிலிருந்து குறடு எடுத்து வந்து, வாசல்படியில் உட்கார்ந்து இழுத்தேன். இரண்டு தடவை நழுவியது. பிறகு முழுதாக வந்துவிட்டது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் மண்ணைச் சுரண்டிக் கழுவினேன். செருப்பை வெயில் விழுந்த படியில் காய வைத்தேன்.